உகாண்டா கிராமப் பள்ளியில் முதல் வாரங்கள்: தெரிந்தவர்களின் பகிர்வு

கிழக்கு உகாண்டாவில் புசோகா பக்கம், கமுலி, இகாங்கா மாவட்டக் கிராமங்களுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் வந்த அன்றே பாடம் எடுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிறகு அவரோடு போய் எல்சி-ஒன் தலைவரைப் பாருங்கள்; கிராம உள்ளாட்சித் தலைவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருடைய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அறிமுகக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நடுராத்திரி காய்ச்சல் கண்டு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டால் ஆள் அனுப்பப்போவது அவர்தான்.

யாரைப் பார்த்தாலும் நன்றாகத் தூங்கினீர்களா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்து முடித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும். இதைத் தாண்டிப் பேசினால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள்.

நம்மைப் பார்த்ததும் பிள்ளைகள் "முயிண்டி", அதாவது இந்தியர், என்று கத்துவார்கள். அங்கே இந்தியர் என்றாலே கடை முதலாளி, சர்க்கரை ஆலை முதலாளி என்ற எண்ணம் இருக்கிறது. அதனால் முதல் வாரமே பள்ளிக் கட்டணம், கடன் என்று கேட்டு ஆள் வரும். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். எந்த உதவியானாலும் பள்ளி நிர்வாகக் குழு வழியாக, ரசீதோடு என்று தலைமையாசிரியரிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டால் இல்லை என்று சொல்வதும் எளிது.

*

தண்ணீர் பற்றிச் சொல்கிறேன். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் மஞ்சள் ஜெரிக்கேன் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் 20 கிலோ. அடிகுழாய் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இதற்கு மேல் யாரும் சுமக்க மாட்டார்கள்.

அந்த அடிகுழாயைப் பார்த்ததும் நம் ஊர் ஞாபகம் வரும். அங்கே யூ-டூ என்று சொல்வது நம்முடைய இந்தியா மார்க்-2 தான். 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் கிரட்டாஸ் ஆலையில் தயாரான பம்பு அது. பழுதும் நாம் பார்த்த பழுதுதான். காலையில் வெகுநேரம் அடித்த பிறகே தண்ணீர் வருகிறதென்றால் ராத்திரியில் குழாய் காலியாகிறது. அடி வால்வு கசிகிறது அல்லது குழாயில் ஓட்டை. உடனே வருகிறது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமாக வருகிறதென்றால் சிலிண்டருக்குள் கப் வாஷர் தேய்ந்திருக்கிறது. வாஷர் விலை அதிகமில்லை. ஆனால் அதை மாற்ற 3 மீட்டர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 10 குழாய். ஆள் பலமும் சரியான கருவியும் வேண்டும். இதன் அடுத்த வடிவமான மார்க்-3 இருக்கும் இடத்தில் குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே எடுத்துவிடலாம்.

பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய குழாயையே அரித்துவிடும். தண்ணீர் செம்பழுப்பாக வருவதும் தேநீர் கறுப்பதும் அதனால்தான். இதைச் சரி செய்கிறேன் என்று தனியாக இறங்காதீர்கள். குழாய்க்கு ஒரு தண்ணீர்க் குழுவும் பராமரிப்பாளரும் உண்டு. வீடுகள் மாதப் பணம் கொடுக்கின்றன. நீங்களும் கொடுங்கள், வரிசையில் நில்லுங்கள்.

குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். கரி செலவு மிச்சம் என்று குளோரின் போடுகிறவர்கள் கலங்கல் நீரில் அப்படியே போடுகிறார்கள். அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் துணியில் வடிகட்டுங்கள், போட்ட பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

*

அடுத்து உடல்நலம். கிளம்புவதற்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். சான்றிதழ் செல்லுபடியாக 10 நாள் ஆகும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். அது இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும்.

மலேரியாவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஊரில் பார்த்த குளிர்காய்ச்சல் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அங்கே இருப்பது ஃபால்சிபாரம். ஓரிரு நாளில் மூளை, சிறுநீரகம் வரை போய்விடும். காய்ச்சல் வந்த அன்றே சுகாதார நிலையத்தில் விரல் நுனி ரத்தச் சோதனை செய்யுங்கள், 20 நிமிடத்தில் முடிவு தெரியும். மலேரியா உறுதியானால் வழக்கமாகத் தருவது ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின்: பெரியவர்களுக்கு வேளைக்கு 4 மாத்திரை, 3 நாளில் 6 வேளை, மொத்தம் 24. வெறும் வயிற்றில் போட்டால் உடலில் சரியாகச் சேராது. கடலைக் குழம்பு, அவகாடோ போல எண்ணெய்ச் சத்துள்ள எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். பெரும்பாலோர் செய்யும் பிழை, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை வைத்துவிடுவது. தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் எடுக்கிறவர்கள் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் "உகாண்டாவில் இருந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

துணியை வெளியில் காயப்போட்டால் ஈரத்தில் மாம்பழ ஈ முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கட்டி போல வீங்கும், நடுவில் மூச்சு விடும் துளை தெரியும். உள்ளாடை, தையல் மடிப்பு உட்பட எல்லாவற்றையும் கரி இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் தேய்த்தே போடுங்கள். கட்டி வந்துவிட்டால் துளையின் மேல் வாசலின் தடவி அடைத்து வைத்தால் புழு மேலே வரும், பிறகு மெதுவாக அழுத்தி எடுக்கலாம். மண் தரையில் செருப்பில்லாமல் நடந்தால் கால் நகத்தோரம் ஜிக்கர் என்ற மண்பூச்சி ஏறும். சுட்டு ஆறிய ஊசியால் முழுசாக எடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி முன்பே போட்டிருக்க வேண்டும்.

*

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமமில்லை. போஷோ என்ற மக்காச்சோளக் களி, அவரை, கடலைக் குழம்பு, மத்தோக்கே வாழைக்காய், சப்பாத்தி எல்லாம் கிடைக்கும். டோடோ என்பது நம் தண்டுக்கீரை இனம்தான். மிளகாய்த்தூள், புளி கொண்டுபோங்கள்.

*

வகுப்பறைக்கு வருவோம். மூன்றாம் வகுப்பு வரை பாடம் உள்ளூர் மொழியில், நான்காவது இடைப்பட்ட ஆண்டு, அதன்பிறகு ஆங்கிலம். எனவே புசோகாவின் மொழியான லுசோகா தெரியாதவரை முதல் வகுப்பில் தனியாக விட்டால் பிள்ளைகளுக்கு நஷ்டம். வகுப்பாசிரியர் நடத்த, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து எழுத்துத் திருத்துவது உண்மையிலேயே பயன்படும் வேலை. 80, 100 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரால் செய்யவே முடியாதது அதுதான்.

"புரிந்ததா" என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஆமாம் என்று பாடும். அதை நம்ப வேண்டாம். ஒருவரைக் கூப்பிட்டுப் பலகையில் போடச் சொல்லுங்கள். ஆமாம் என்பதற்குப் பல பிள்ளைகள் புருவத்தை மட்டும் உயர்த்துவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு இல்லை என்று படும். வாயால் சொல்லிவிடுங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் கத்தினாலும் கேட்காது. மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர் மாதங்களில் பிற்பகலுக்கு எழுத்து வேலை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். மெனிலா அட்டையில் எழுதிய படங்களை மண் சுவரில் ஒட்டினால் கரையான் தின்னும். போஷோ சாக்கைத் துவைத்து அதில் அழியாத மையால் எழுதிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். எண்ணுவதற்கு சோடா மூடிகள், குழுவுக்கு 100.

பிரம்படி 2016 சட்டத்தில் தடைசெய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைத் தடுத்தால் அன்றோடு ஆசிரியர் அறையில் உங்களுக்கு இடமில்லை. அன்றே தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், விடாமல் சொல்லுங்கள்.

மூன்றாம் பருவத்தில் சேர்கிறவர்கள் ஏழாம் வகுப்பைத் தொட வேண்டாம். நவம்பரில் அவர்களுக்கு பிஎல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் ஆசிரியர்கள் காலை முதல் இருட்டும்வரை திருப்புதலில் இருப்பார்கள். மாதிரித் தாள் திருத்தித் தரட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.