ஆறாம் வகுப்பு: அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

வணக்கம். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். அடுத்து எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. மாமனாருக்குத் தனியார் பள்ளிதான் பள்ளி. நான் அரசுப் பள்ளியின் பக்கம்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

ஆனால் பள்ளிக்குப் பள்ளி நிலைமை மாறுகிறதே! தஞ்சாவூர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் சொல்லுங்கள். கணக்கு, அறிவியலுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்களா? ஆங்கிலவழிப் பிரிவு எப்படி? கழிப்பறை சுத்தமாக இருக்குமா (பெண் பிள்ளைக்கு இதுதான் முதல் கேள்வி)? தேர்ச்சி விகிதம் மட்டும் வேண்டாம். அது எங்கள் தெருமுனைப் பலகையிலேயே தொங்குகிறது.