பொருள்: 'ரேஷியலைசேஷன்' – இனமாதலா, இனமாக்கலா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து, வகுப்பாசிரியை:

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பின் மூத்த மாணவர்களுக்காக ஒரு சிறு வாசிப்பு நூலை எழுதி வருகிறோம். 1960ஆம் ஆண்டு இந்நாட்டின் ஷார்ப்வில்லில், இனவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ச் 21ஆம் நாளுக்கு முன்பாக அது மாணவர் கைக்குப் போக வேண்டும் என்பதால், அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் படியைக் கேட்கிறார்கள். உலக அரசியலில் இனவெறியின் பங்குதான் நூலின் பொருள். இனவெறி, நிறவெறி, இனப்பாகுபாடு ஆகிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. 'ரேஷியலைசேஷன்' என்பதற்கு மட்டும் மனநிறைவான சொல் அமையவில்லை. சட்டமும் குடிக்கணக்கும் காவல்துறையும் சேர்ந்து ஒரு மக்கள் திரளை ஓர் இனம் என்று வகுத்து, அந்த வகுப்பின்படியே நிலத்தையும் ஊதியத்தையும் வாக்கையும் பங்கிடும் செயலை அது குறிக்கிறது. வெறி உள்ளத்தில் எழுவது; நான் சொல்ல வருவதோ அலுவலகத்தில், பதிவேட்டில் நடப்பது. அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், 'இனம்' என்ற சொல்லை முதலில் இந்த வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். வள்ளுவர் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். "நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு" என்னும் குறளில் இனம் என்பது ஒருவர் தாமே தேடிச் சேரும் கூட்டம். சேர்ந்தவர் விரும்பினால் விலகிவிடலாம். விலகவே முடியாதபடி பிறப்பிலேயே ஒருவர்மீது எழுதப்படும் ஒன்றுக்கு அதே சொல்லை இடுவது குறளின் சொல்லாட்சிக்குத் தகாது. தமிழகத்தில் பலர் ஆளும் 'மரபினம்' என்பதை அடியாகக் கொண்டு 'மரபினப்படுத்தம்' என்று அமைக்கலாம்.

வேரைப் பற்றியும் ஒரு சொல். 'ஈன்' என்னும் வினையிலிருந்து இனம் வந்தது என்பார் உளர்; அப்படியானால் அது பிறப்பைக் குறித்தே தோன்றியதாகும். 'இணை' என்பதோடு சேர்ப்பாரும் உளர். ணகர னகர வேறுபாடு அதற்குத் தடையாக நிற்கிறது. 'இன்ன', 'இனைய' என்னும் சுட்டுவழிச் சொற்களோடு அதனைச் சேர்ப்பதே என் நெடுநாளைய எண்ணம். அவ்வாறு கொண்டால் 'இன்னது' என்று சுட்டிக் காட்டப்படுவதே இனம் என்றாகும். இதனை ஒரு தனிக் கட்டுரையாகவே அனுப்ப எண்ணியிருக்கிறேன்.

லெனேசியாவிலிருந்து, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர்:

ஐயா, உங்கள் குறள் விளக்கத்தைத் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனாலும் 'மரபினம்' என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மரபு என்றதும் மாணவர்க்கு மரபணு நினைவுக்கு வரும். பிறப்பிலேயே மனிதர்க்குள் வகைகள் இருக்கின்றன என்ற கருத்தை நம் சொல்லே கற்பித்துவிடும். தென்னாப்பிரிக்காவின் பழைய இனவெறி அரசுகூட அந்த மரபின்மீது உறுதியாக நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், தோற்றத்தில் வெளிப்படையாக வெள்ளையராக இருப்பவரும் வெள்ளையர் என்று பொதுவாக ஏற்கப்படுபவருமே வெள்ளையர் என்று வரையறுத்தது. ஐயம் எழுந்த இடத்தில் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தார்கள். 1960களில் ஜப்பானுடன் இரும்பு வணிகம் வளர்ந்தபோது, இங்கு வந்து தங்கிய ஜப்பானியருக்கு வெள்ளையருக்குரிய சலுகைகள் கிடைத்தன. தலைமுறைகளாக இங்கே வாழ்ந்துவந்த சீனருக்கு அவை கிடைக்கவில்லை. இவ்விரு மக்களின் மரபுக்கும் இதில் என்ன வேலை? ஒரு மக்கள் எந்த வரிசையில் நிற்பார்கள் என்பதை வணிகக் கணக்கு முடிவு செய்தது.

அதே ஜப்பான் 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில், நாடுகளின் சங்கத்துக்கான உடன்படிக்கையில் இனச் சமத்துவத்தை ஏற்கும் ஒரு தொடரைச் சேர்க்குமாறு கேட்டது. 17 வாக்குகளில் 11 அதற்கு ஆதரவாக விழுந்தன. இத்தகைய முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்று கூறி, தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன் அதனை ஒதுக்கிவிட்டார். ஆசியர் குடியேறுவதைத் தடுத்துவந்த ஆஸ்திரேலியாவின் தலைமை அமைச்சர் ஹியூஸ் அதனை மிகக் கடுமையாக எதிர்த்தவர். சமத்துவம் கேட்ட ஜப்பானும் அந்த ஆண்டில் கொரிய மக்களின் எழுச்சியை ஒடுக்கிக்கொண்டுதான் இருந்தது. மாணவர்களிடம் இதனை மறைக்கக் கூடாது.

நம் முன்னோரின் வழக்கும் இதில் சேர்ந்ததுதான். இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பிட்ட 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து இந்தியர் தலைவர்களான மான்டி நாயக்கரும் யூசுப் தாதுவும் இங்கே அறப்போர் நடத்தியபோது, இந்தியா அவ்வழக்கை ஐ.நா. பொது அவைக்குக் கொண்டுசென்றது. ஐ.நா. சாசனத்தின் முகவுரையை வரைவதில் பங்கு கொண்ட தென்னாப்பிரிக்கத் தலைமை அமைச்சர் ஸ்மட்ஸ், இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிட அவைக்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். அவையோ 32க்கு 15 என்ற வாக்கில் இந்தியாவின் பக்கம் நின்றது. ஓர் அரசு தன் குடிகளை எப்படி வகுக்கிறது என்பது உலகம் கேட்கத்தக்க கேள்வியா என்பதே அன்றைய வழக்கு. ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் அரசின் கை தெரிய வேண்டும்.

பீனிக்ஸிலிருந்து, நூலகப் பணியாளர்:

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த நூலைப் படிக்கப் போகிறவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்கிற பிள்ளைகள். நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மதிப்பளித்து வளர்க்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலும், வகுப்பறையில் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. 'மரபினப்படுத்தம்' என்பதை அவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் மனத்தில் தங்காது. 'இனம் பிரித்தல்' என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும்.

சொல்லாராய்ச்சிதான் வேண்டுமென்றால், நம்மீது ஒட்டப்பட்ட சொல்லையே ஆராயுங்கள். "மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளில் கூலி என்பது உழைப்பின் பயன். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தபின், டர்பனை உள்ளடக்கிய நேட்டாலில் கூலி என்பது உழைப்பவரின் பெயராயிற்று. பிறகு உழைக்காத குழந்தைக்கும் அதுவே பெயராகி, இந்தியர் அனைவரையும் இழிக்கும் சொல்லாயிற்று. கப்பல் பட்டியலில் ஊரும் சாதியும் தனித்தனியே எழுதப்பட்ட மனிதர்கள் கரையில் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டார்கள். நமக்குச் சொல் தேவைப்படுகிற செயல் இதுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மீண்டும்:

கூலி என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குத் தமிழிலிருந்தே சென்றது என்று நான் நம்புகிறேன். குஜராத்தின் கோலி என்னும் மக்கள் பெயரிலிருந்து வந்ததென்ற கருத்தும் உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். அது நிற்க.

தொல்காப்பியர் "இனச்சுட் டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்கா றல்ல" என்கிறார். அதாவது, அதே இனத்தில் வேறொன்றைச் சுட்டி விலக்காத அடைமொழியைப் பெயருக்குத் தருவது உலக வழக்கு அன்று. கருங்குதிரை என்றால் வேறு நிறக் குதிரையும் உண்டு என்று பொருள். செஞ்ஞாயிறு என்பதில் அடைமொழி வேறொரு ஞாயிற்றை விலக்க வரவில்லை. குடியேற்ற ஆட்சியின் எழுத்துகளில் 'மனிதன்' என்று அடையின்றி வந்தால் அது வெள்ளையரையே குறித்தது. மற்ற எல்லாருக்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. தம்மை இனமற்றவராக வைத்துக்கொண்டு பிறரை இனமாகச் சுட்டுவதே அந்த ஆட்சியின் இலக்கணம். மாணவர்க்கு இதனைக் கட்டாயம் சொல்லுங்கள். 'மரபினம்' என்பதை நான் இன்னும் கைவிடவில்லை.

லெனேசியாவிலிருந்து மீண்டும்:

ஐயா, உங்கள் விளக்கமே எனக்கு வழி காட்டுகிறது. சுட்டப்படுவது இனம் என்றால், சுட்டுகிறவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 'இனமாதல்' தன்வினை, மழை பெய்வதுபோல அது தானே நடந்ததாகத் தோன்றும். 'இனமாக்கல்' பிறவினை, ஆக்கியவர் யார் என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. 'டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்புத் தமிழர்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள்' என்று எழுதுவதும், 'இனவாரியாகக் குடியிருப்புகளை ஒதுக்கிய குழுவாரிப் பகுதிச் சட்டத்தின் கீழ் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள்' என்று எழுதுவதும் ஒன்றாகாது. 'இனம் பிரித்தல்' எளிமையானதுதான்; ஆயினும் முன்பே இருந்த இனங்களைப் பிரித்தார்கள் என்று அது பொருள்பட்டுவிடும். இலங்கையில் இனம் என்பதை நாங்களே எங்களுக்கு உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். பிறர் இட்ட பெயரைப் பற்றி நின்று போராடுவதும் வரலாற்றில் நிகழ்ந்திருக்கிறது. 1969இல் தோன்றிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பினர், ஸ்டீவ் பிகோவின் தலைமையில், ஒடுக்கப்பட்ட இந்தியரையும் சேர்த்துக் 'கறுப்பர்' என்று தாமே பெயரிட்டுக்கொண்டது அத்தகையது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, வகுப்பாசிரியை:

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'இனமாக்கல்' என்பதற்கே இசைகிறார்கள். சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்று இசைந்ததாகவும் தெரிகிறது. நூலில் அதையே ஆள்கிறேன். முதலில் வரும் இடத்தில், இனம் பிரித்து வகுக்கும் அரசுச் செயல் என்று ஒரு விளக்கமும் சேர்க்கிறேன்.

பீனிக்ஸிலிருந்து, நூலகப் பணியாளர்:

அக்கா, உங்கள் முடிவை மதிக்கிறேன். உடன்பட மட்டும் முடியவில்லை. ஆக்கல் என்பது தமிழில் நல்ல சொல். சோறு ஆக்குகிறோம், நூல் ஆக்குகிறோம். 1950இல் நடந்ததை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'இனஞ்சுமத்தல்' என்றால் சுமத்தியவரும் சுமந்தவரும் ஒரே சொல்லில் தெரிவார்கள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 2001இல் நம் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியைப் பற்றிப் பேசக் கோரியபோது, சாதி இனம் ஆகாது என்று கூறி இந்திய அரசு தடுத்தது. 1946இல் உள்நாட்டு விவகாரம் என்ற வாதத்தை முறியடித்த நாடு அது. 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் உள்ள 'பிறப்புவழி' என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002இல் தெளிவுபடுத்தியது. கப்பல் பட்டியலில் சாதியை எழுதியவர் வெள்ளைக்கார எழுத்தராக இருக்கலாம்; அந்தச் சாதியை அவர் படைக்கவில்லை. 'இனமாக்கல்' என்று எழுதும் பக்கத்தில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமைக்குள் இடம் செய்ய முடியாவிட்டால், அந்தப் பத்தியை நானே எழுதித் தனித்தாளாக அச்சிட்டு நூலோடு தருகிறேன்.