புதுப்பிப்பு: எஸ்டிஆர் மனு – மகன் சம்பளத்தையும் கூட்டணுமா?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி எஸ்டிஆர், அதாவது மலேசிய அரசின் ரொக்க உதவி பற்றியது: கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம், மாதச் சம்பளம் அப்பா 2,300, அம்மா 1,900, மகன் 2,650 ரிங்கிட். மூன்றையும் கூட்டி எழுதியதால் குடும்ப மாத வருமான வரம்பான 5,000-ஐத் தாண்டி மனு தள்ளுபடியானது.

"கணவன் மனைவி வருமானம் மட்டும்தான் கணக்கு" என்றவர் சொன்னதே சரி. சம்பளச் சீட்டுகளோடு மேல்முறையீடு, 4,200 என்று திருத்தம், கிடைத்துவிட்டது. வாடகையைக் கழித்துக் காட்டாதீர்கள், அது எடுபடாது.

எதிர்பாராதது மகன் விஷயம். 21 வயதான திருமணமாகாதவர் தனி மனு போடலாம், வரம்பு 2,500. சேமநிதி 11 விழுக்காடு போக அவர் கைக்கு வருவது 2,360-க்கும் கீழேதான். ஆனால் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம். அதனால் அவருக்கு இல்லை.