-25 டிகிரிக்கு ட்ரக் கேம்பர்: சூட்டுக்கும் வெந்நீருக்கும் என்ன செய்யலாம்?

கால்கரி_தச்சன்:
எல்லோருக்கும் வணக்கம். என் எஃப்-150 பெட்ரோல் பிக்கப் ட்ரக்கின் ஆறரை அடி பெட் (சாமான் ஏற்றும் பின்தளம்) மேல் உட்காருகிற மாதிரி கேம்பர் ஒன்று, அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் பெட்டி, கட்டிக்கொண்டிருக்கிறேன். பைன் மரச்சட்டம், நடுவில் சூடு வெளியே போகாமல் தடுக்க 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோம் ஷீட், வெளியே 6 மி.மீ. ப்ளைவுட். உள்பக்கச் சுவர் இன்னும் மூடவில்லை, ஜன்னலும் வெட்டவில்லை. இப்போது கேட்டால்தான் மாற்ற முடியும் என்று கேட்கிறேன்.

நான், மனைவி, ஆறு வயது மகள். இந்தக் குளிர்காலம் ராக்கி மலையில் இருக்கும் லேக் லூயீஸ், அடுத்த வருடம் கனடாவின் வடக்கே யூகான் வரை போக ஆசை. மகள் ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாள், அதனால் உள்ளே 15 டிகிரியாவது இருக்க வேண்டும். மனைவிக்கு தினமும் வெந்நீர்க் குளியல் வேண்டும். ட்ரூமா காம்பி மாதிரி சூட்டையும் வெந்நீரையும் ஒரே பெட்டியில் தருவதை வாங்கலாமா? அல்லது டீசல் ஹீட்டர் தனி, வாட்டர் ஹீட்டர் தனியா? தண்ணீர்க் குழாயைத் தரைக்கு அடியில் ஓட்டினால் உள்ளே இடம் மிச்சமாகும், அது சரியா? பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று இருக்கிறது.

வடக்குச்சாலை:
தம்பி, சுவரை மூடாமல் கேட்டது ரொம்ப நல்லது. நான் எட்மன்டன். நானே கட்டிய பெட்டியில் மூன்று குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன்.

ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எவ்வளவு சூடு வெளியே போகும் என்று பாருங்கள். பெட்டி சுமார் 2.4 x 2 x 2 மீட்டர் என்று வைத்தால் ஆறு பக்கமும் சேர்ந்து 27 சதுர மீட்டர். வெளியே -25, உள்ளே 15 என்றால் 40 டிகிரி வித்தியாசம். 25 மி.மீ. ஃபோமில் சுவர் வழியாக மட்டும் ஏறக்குறைய 1,050 வாட் போகும். மூன்று பேர் மூச்சுவிடக் காற்றும் மாற வேண்டும், அதற்கு ஒரு 400 வாட். ஜன்னல், கதவு இடுக்கு எல்லாம் அதற்கு மேல். அதே ஃபோமை 50 மி.மீ. ஆக்கினால் அந்த 1,050 சுமார் 575 ஆகிவிடும். இன்னொரு 25 மி.மீ. ஷீட்டை இப்போதே ஒட்டிவிடுங்கள். எந்த ஹீட்டரும் அந்த ஷீட் அளவுக்குக் கைகொடுக்காது.

அப்புறம் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் தாராளமாகப் போதும். 1.5 கிலோவாட்டில் 12 மணி நேரம் ஓடினாலும் இரவுக்கு இரண்டே கால் லிட்டர் டீசல்தான். பெட்ரோல் வண்டி என்பதால் வெளியே தனியாக 10 லிட்டர் டாங்க் வையுங்கள். அதில் குளிர்கால டீசல் மட்டும் ஊற்றுங்கள், கோடையில் வாங்கிய மிச்சம் மெழுகாக உறைந்து குழாயை அடைத்துவிடும். புரொப்பேனும் வேலை செய்யும், அதன் கொதிநிலை -42. ஆனால் -30 இரவில் சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் தளர்ந்துவிடுகிறது. அதனால் காஸை அடுப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர். இந்தக் குளிரில் தண்ணீரைச் சூடாக்குவது பெரிய வேலையே இல்லை, உறையாமல் காப்பதுதான் வேலை. என் முதல் குளிர்காலத்தில் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைத்திருந்தேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் அதன் காப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிட்டது. பகல் முழுக்க வண்டி ஓட்டியும் ஏறவில்லை, எனக்குத் தெரியவும் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் விசிறி நின்றது. பின்கதவு ஓரமாக இருந்த பம்பும் ஒரு முழங்கை இணைப்பும் உறைந்து வெடித்தன. திரும்பி வரும் வழியில் ஐஸ் உருகி மெத்தை முழுக்க நனைந்தது. அன்றிரவு என் பையன் நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே தரைக்கு அடியில் குழாய் வேண்டவே வேண்டாம். டாங்க், பம்பு, பேட்டரி எல்லாம் ஃபோமுக்கு உட்பக்கம், ஹீட்டரின் சூடான காற்று தொடும் இடத்தில் இருக்கட்டும். காம்பி நல்ல பொருள்தான், 10 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கித் தரும். உள்ளே 3 டிகிரிக்கு இறங்கினால் அதன் வால்வு தானே திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். ஹீட்டர் தப்பிக்கும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள குழாய்களை அது காப்பாற்றாது.

பனிமலர்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புகைக்குழாய் இல்லாத சின்ன புரொப்பேன் ஹீட்டரைப் பலரும் சிபாரிசு செய்வார்கள், தயவுசெய்து அதை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். அது முழுக்க உங்கள் சுவரிலும் கூரையிலும் படிந்து மரச்சட்டத்தில் இறங்கும். கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு. எந்த ஹீட்டர் வைத்தாலும் படுக்கும் உயரத்தில் ஒரு டிடெக்டர் மாட்டுங்கள், குழந்தை இருக்கிறாள். காஸ் சிலிண்டர் பெட்டிக்கு அடிமட்டத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும், புரொப்பேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

கால்கரி_தச்சன்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலையே ஃபோம் வாங்கப் போகிறேன். பேட்டரியை நானும் வெளிப்பெட்டியில்தான் வைப்பதாக இருந்தேன், உள்ளே கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டேன். குளியலுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. பேட்டரியில் மின்சார கெய்சர் ஓடுமா?

வடக்குச்சாலை:
10 லிட்டரை 5 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம், அதாவது உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே இரவில் ஹீட்டர் விசிறிக்கும் பம்புக்கும் 18 ஆம்பியர்-மணியாவது போகும், ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு 8 - 10 ஆம்பியர் இழுக்கும். கெய்சர் வேண்டாம்.

ஊரில் நாம் குளித்ததையே இங்கும் செய்யலாம். அடுப்பில் மூன்று லிட்டர் கொதிக்க வையுங்கள். லேக் லூயீஸ் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதில் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினால் 43 டிகிரியில் ஏழு லிட்டர் கிடைக்கும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டால் ஒருவருக்குத் தலைக்கும் சேர்த்துப் போதும். ஷவர் என்றால் இதே தண்ணீர் ஒன்றரை நிமிடம் வராது. பாத்திரத்தை மூடியே கொதிக்க விடுங்கள், குளிக்கும்போது ஈரக்காற்றை வெளியே தள்ளும் கூரை விசிறியைப் போடுங்கள். அழுக்குத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து மூடியுள்ள வாளிக்கு மாற்றி உள்ளேயே வைத்திருந்து, முகாமில் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டுங்கள். என் மனைவியும் முதலில் தயங்கினாள். இப்போது ஷவர் வைக்க இருந்த மூலையில் பையனின் பூட்ஸ் காய்கிறது.

இன்னொன்று, ஹீட்டரின் புகைக்குழாயைப் பின்பக்கம் விடாதீர்கள். பனி குவிந்து அடைக்கிற இடம் அது. பக்கவாட்டில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வெட்டப் போகிறீர்கள் என்று சொன்னால் இடத்தைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.