புதுப்பிப்பு: ஈசிசி82 வால்வு பஃபரில் இரைச்சல், தீர்ந்தது

சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்த கேத்தோடு ஃபாலோவரில் (வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், வைத்து சிக்னலைப் பெருக்காமல் அடுத்ததற்குக் கடத்தும் பஃபர் சர்க்யூட்) 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருவதாகப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றியதில் பலனில்லை. பதில் போட்ட ஈப்போ அண்ணன் சொன்னதுதான் சரி: கேத்தோடு (வால்வில் எலக்ட்ரானை விடும் முனை) 90 வோல்ட்டில் நிற்க, அதைச் சூடாக்கும் ஹீட்டரை எர்த்தோடு, அதாவது 0 வோல்ட்டோடு, கட்டியிருந்தேன். அந்த வோல்டேஜ் வித்தியாசத்தால்தான் ஹீட்டரிலிருந்து இரைச்சல் கசிந்தது. அந்த எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு, 250 வோல்ட் சப்ளையை 220கே, 68கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்களால் பிரித்து, கிடைத்த 59 வோல்ட்டை ஹீட்டருக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கின் நடுமுனைக்குக் கொடுத்தேன். 68கே-க்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போயே போச்சு!

எதிர்பாராதது ஒன்று. அப்புறம் நீளமான கேபிள் மாட்டினால் கரகரத்தது. வால்வு தானாக ஆசிலேட் ஆகியிருக்கிறது, அதாவது தானே அலையை உண்டாக்கியிருக்கிறது. சாக்கெட்டின் 2, 7ஆம் கால்களை (சிக்னல் நுழையும் கிரிட் முனைகள்) ஒட்டியே 1கே கிரிட் ஸ்டாப்பர், அதாவது அந்த ஆசிலேஷனை அடக்கும் ரெசிஸ்டர், வைத்ததும் அடங்கியது. ஜாலான் பாசாரில் வாங்கிய சில்லறை ரெசிஸ்டர்தான். நானோ புது வால்வுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.