இணையவழிக் கேள்வி-பதில் கூடலில் எல்லோரையும் பேச வைப்பது எப்படி?

கேள்வி: பைத்தான் நிரல்மொழி கற்பவர்களுக்காக ஞாயிறுதோறும் ஜிட்சி என்ற காணொளிக் கூட்டச் செயலியில் கூடல் நடத்துகிறோம். 40 பேர் வந்தாலும் வாய் திறப்பவர்கள் நால்வர்தான். மற்றவர்கள் பிழைச்செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்குத் தனியே அனுப்பிவிட்டு அமைதியாக இருந்துவிடுகிறார்கள். இதை எப்படி மாற்றலாம்?

பதில் 1: இரண்டு நாள் முன்பே, பலரும் சேர்ந்து எழுதக்கூடிய ஈதர்பேட் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெயரின்றிக் கேள்வி எழுத இடம் கொடுங்கள். பிழைச்செய்தியைப் படமாக அன்றி எழுத்தாகவே, அதை உண்டாக்கும் மிகச் சிறிய நிரலோடும் பைத்தான் பதிப்பெண்ணோடும் இடச் சொன்னால், எழுதும்போதே சிலருக்கு விடை பிடிபட்டுவிடும்.

பதில் 2: பரிசு அறிவிக்க வேண்டாம். திறமூல மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020ஆம் ஆண்டு பரிசு டி-சட்டைக்காகப் பலர் பயனற்ற திருத்தங்களைக் குவித்ததால், விரும்பி இணைந்த திட்டங்களுக்கே பங்களிக்கலாம் என்று நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திறந்து, முதல் கேள்வியை நானே எழுதுகிறேன்.