பழைய எம்எம்540 ஜீப், 50க்கு மேல போனா ஸ்டியரிங் வாப்ளிங் அடிக்குது, எங்க இருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

போடி ஏலக்கா

வணக்கம் அண்ணன்மாரே. நமக்கு ஊரு போடி, போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் கேரளாவுல பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலக்கா தோட்டம் இருக்கு, அதுக்காக போன வருஷம் ஒரு 93 மாடல் எம்எம்540 வாங்குனேன், பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. மெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவும் லோடோட ஏறி இறங்குறப்ப ஒண்ணுமே தெரியல. ஆனா கீழ இறங்கி தேனி ரோட்டுல 50, 55ல போகும்போது ஒரு பக்க டயரு குழியிலயோ பாலத்து ஜாயிண்ட்லயோ ஏறுனா போதும், ஸ்டியரிங்கு கையை விட்டு பிடுங்கிட்டு போற மாதிரி இடமும் வலமும் ஆடுது, கிட்டத்தட்ட வண்டியை நிறுத்துற வரைக்கும் நிக்க மாட்டேங்குது. போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகையில இப்படி ஆச்சு, எதிர்ல பஸ் வந்துச்சு, இன்னும் நெஞ்சு படபடப்பு போகல.

வாங்குனதும் 2 இன்ச் நீளம் கூடுன ஷாக்கிளும் (லீஃப் பட்டை முனையை சேஸிஸோட சேர்க்குற துண்டு), வெளிய தள்ளுன ஆஃப்செட் ரிம்மும், 235 டயரும் ஒரு ஒர்க்‌ஷாப்புல மாட்டுனேன். இப்ப அதே ஒர்க்‌ஷாப்புல கேட்டா ஸ்டியரிங் டாம்பர் போட்டா சரியாயிடும்ங்கறாங்க. இன்னொண்ணு, வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஆக்ஸில் முனையில இருக்குற உருண்டை மேல எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பிக்கிடக்கு. எங்கிட்ட ஜாக்கி, ஸ்பேனர் செட்டு எல்லாம் இருக்கு, வீட்டுலயே பண்ணிப் பார்க்கலாம்னு நெனைக்கிறேன். எதை முதல்ல கழட்டுறதுன்னு சொல்லுங்கண்ணே.

மதுரை டீசல்

தம்பி, டாம்பருக்கு காசு குடுத்துடாதீங்க. டாம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான், உள்ள தேய்ஞ்சது தேய்ஞ்சுகிட்டே இருக்கும், ஒரு நாள் டாம்பரையும் மீறி அடிக்கும். அது எங்க வந்து அடிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. நான் இந்த பழைய ஜீப்புங்களோட 20 வருஷமா கிடக்கேன், முன்னாடி லீஃப் பட்டையும் முழு ஆக்ஸிலும் இருக்குற வண்டியில வாப்ளிங் வந்தா முக்காவாசி நேரம் ஏதோ ஒரு மூட்டுல பிளே, அதான் தேய்ஞ்ச லூசு, இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கணும்.

முதல்ல வண்டியை தரையிலயே வச்சு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுல யாரையாவது ஸ்டியரிங்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, நீங்க கீழ படுத்து சக்கரத்தைத் திருப்புற கம்பியோட முனை மூட்டு, அதான் டை ராட் எண்ட், ஒவ்வொண்ணு மேலயும் உள்ளங்கையை வச்சு அழுத்திப் பிடிங்க. கண்ணுக்குத் தெரியாத பிளே கூட கைக்கு டக்கு டக்குன்னு தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து வர்ற கம்பி டிராக் லிங்க், அதோட ரெண்டு முனையும் பாருங்க, நடுவுல பெல்கிராங்க்ங்கற திருப்பு நெம்புகோல் இருக்குற வண்டின்னா அதையும் பாருங்க, அது தேய்ஞ்சா ஆட்டம் பெருசா வரும். ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸ்ல பிடிச்சிருக்குற போல்டு லூசா இருக்கான்னும் பாருங்க, அந்த இடத்துல சேஸிஸ் கீறல் விட்டிருக்குறதை ரெண்டு வண்டியில பார்த்திருக்கேன்.

அப்புறம் சக்கரத்தை தூக்கி ஸ்டாண்டுல நிறுத்திட்டு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை நல்லா மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் காணாம போனா அது வீல் பேரிங், மிதிச்சும் அப்படியே இருந்தா கிங்பின், அதான் சக்கரம் இடம் வலமா திரும்புற அச்சு.

வீல் பேரிங்னா ஹப்பை திறந்து உள் நட்டை சக்கரம் இறுகுற வரைக்கும் சுத்திக்கிட்டே டைட் பண்ணி, ஆறுல ஒரு பங்கு சுத்து திருப்பி விடுங்க, லாக் வாஷரை மடக்கி வெளி நட்டைப் போடுங்க. கிங்பின்னா கொஞ்சம் வேலை. அந்த உருண்டைக்கு மேலயும் கீழயும் மூடி இருக்கு, ஒவ்வொரு மூடிக்கும் நாலு போல்டு, மூடிக்கு அடியில மெல்லிசு மெல்லிசா ஷிம் தகடு இருக்கும். ஒரு ஷிம்மை எடுத்தா பேரிங் இறுகும். ஆனா ஷிம்மை மட்டும் எடுத்துட்டு மூடிடாதீங்க. ரோலர் உருளுற வளையம், அதான் பேரிங் கப், அதை வெளிய எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க, ரோலர் நின்ன இடத்துல கோடு கோடா பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை வச்சு இழுத்தா தட்டும். நேரா ஓடுற நேரம்தான அதிகம், அதனால நேரா நிக்குற இடத்துல மட்டும்தான் அந்த பள்ளம் விழும். அப்படி இருந்தா ஷிம் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, பேரிங்கை மாத்திடுங்க, ரெண்டு பக்கமும் மேல் கீழ் நாலையும் சேர்த்து மாத்துங்க.

கோவை பட்டறை

மதுரை அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. ஆனா எனக்கு அந்த 2 இன்ச் ஷாக்கிள் மேலதாங்க சந்தேகம். முன் பட்டையோட ஷாக்கிள் பம்பர் பக்கம் இருக்குற வண்டியில அதை நீளமாக்குனா பட்டையோட முன் முனை கீழ இறங்குது, ஆக்ஸில் மேல்பக்கம் முன்னாடி சாயுது, காஸ்டர், அதான் கிங்பின்னோட பின்சாய்வு, குறையுதுங்க. இந்த ஜீப்புகளுக்கு காஸ்டர் 3 டிகிரிதான். 2 இன்ச் ஷாக்கிள் வண்டியைத் தூக்குறது 1 இன்ச்தான், ஆனா காஸ்டர்ல சுமார் ரெண்டு ரெண்டரை டிகிரியை தின்னுடுதுங்க. மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே பாருங்க. சைக்கிள்ல கையை விட்டு ஓட்டுறோமே, முன் ஃபோர்க் சாய்வா இருக்குறதும்தான சக்கரம் தானா நேராக உதவுது, அந்த சாய்வு போச்சுன்னா டயரை ஒரு தட்டு தட்டினதும் அது நேராக வழி தெரியாம ஆடிக்கிட்டே இருக்கும்.

வீட்டுலயே அளக்கலாமுங்க. சமதளத்துல சக்கரத்தை நேரா வச்சு, ஸ்டியரிங் ஆர்ம் இல்லாத பக்கம் கிங்பின் மேல் மூடியோட தட்டையான இடத்தைத் துடைச்சு ஃபோனை வச்சு லெவல் ஆப்புல முன்பின் சாய்வைப் பாருங்க. பின்னாடி 3 டிகிரி சாய்ஞ்சிருக்கணும். இல்லைன்னா பழைய ஷாக்கிளையே திருப்பி மாட்டுங்க, அதுதான் என் யோசனை. உயரம் வேணும்னே இருந்தா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வைக்கலாம், ஆனா அதிகமா வச்சா முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் கோணம் கெடும்.

டோ-இன், அதான் முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் லேசா உள்நோக்கி இருக்குற அளவு, அதைப் பார்க்க அலைன்மெண்ட் கடைக்குப் போக வேண்டியதில்லீங்க. ரெண்டு முன் சக்கரத்தையும் தூக்கி சுத்த விட்டு டயர் நடுவுல ஆணியால ஒரு கோடு கீறுங்க, இறக்கி வண்டியை ஒரு பத்தடி முன்னாடி தள்ளிட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவு எடுங்க. முன் அளவு 1ல இருந்து 2.5 மில்லிமீட்டர் கம்மியா இருக்கணும். அந்த ஆஃப்செட் ரிம்மும் வேண்டாமுங்க, சக்கரம் எவ்வளவு வெளிய தள்ளுதோ அவ்வளவுக்கு குழியில விழுற அடி நெம்புகோல் மாதிரி ஸ்டியரிங்குக்கு ஏறுது.

நீலகிரி நாலு சக்கரம்

எண்ணெய் கசிவைப் பத்தி யாரும் சொல்லலையே. கசியறது என்னன்னு ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பாருங்க நண்பா. கெட்டியா கிரீஸ் மாதிரி இருந்தா வெளிப்பக்கம் துடைக்கிற சீல் போயிருக்கு. தண்ணி மாதிரி கியர் ஆயில் வந்தா ஆக்ஸில் குழாய்க்குள்ள இருக்குற உள் சீல் போயி டிஃப்ரன்ஷியல் ஆயில் வெளிய வருதுன்னு அர்த்தம். சீல் மாத்துறதுக்கு முன்னாடி ஆக்ஸில் மேல இருக்குற பிரீதரை, அதான் காத்துப் போக்கியை, கழட்டி ஊதிப் பாருங்க. எஸ்டேட் ரோட்டுச் சேறு அதை அடைச்சிருக்கும், ஆயில் சூடாகி காத்து வெளிய போக வழியில்லாம சீலைத்தான் தள்ளும், புது சீல் போட்டாலும் ஒரே மாசத்துல கசியும். பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானட்டுக்குள்ள மேல கொண்டு போய் கட்டிட்டா ஓடை தாண்டும்போது தண்ணியும் ஏறாது.

பிரேக் டிரம்மையும் கண்டிப்பா திறங்க, லைனிங்ல ஆயில் பட்டிருந்தா துடைச்சுப் போடக் கூடாது, மாத்தணும். ஜாக்கியை மட்டும் நம்பி தயவுசெஞ்சு உள்ள படுக்காதீங்க, எனக்கு வேண்டிய ஒருத்தர் கை அப்படித்தான் போச்சு.

ரிம், டயர் விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. ஆர்சி புக்குல இருக்குற கம்பெனி அளவை மாத்தக் கூடாதுங்கறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, 2019ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கு. நீங்க தினமும் கேரளா எல்லை தாண்டுறீங்க, செக்போஸ்ட்ல நிறுத்துனா அந்த வெளிய தள்ளுன டயருதான் முதல்ல கண்ணுல படும்.

போடி ஏலக்கா

அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனி ஞாயிறு ரெண்டு நாளும் நானும் மச்சானும் வாசல்ல உக்காந்து முடிச்சோம். டை ராட் எண்ட் நாலுல ஒண்ணுதான் தட்டுச்சு. பிரேக் மிதிச்சு ஆட்டிப் பார்த்தோம், வலது பக்கம் ஆட்டம் அப்படியே இருந்துச்சு, கிங்பின்தான். கீழ் பேரிங்கை எடுத்துப் பார்த்தா ஒரு சொட்டு கிரீஸ் இல்ல, துரு பிடிச்சு செம்மண் கலர்ல இருக்கு, கப்புல நீங்க சொன்ன அதே கோடு, நகம் வச்சா தட்டுது. நாலு பேரிங்கும் மதுரைல இருந்து வரவழைச்சு மாட்டியாச்சு. காஸ்டர் ஃபோன்ல அளந்தா அரை டிகிரி கூட இல்ல, பழைய ஷாக்கிளை மாட்டுனதும் கிட்டத்தட்ட 3 வந்துருச்சு. டோ-இன் இருக்க வேண்டிய இடத்துல 8 மில்லிமீட்டர் வெளிய பார்த்துட்டு இருந்துச்சு, அதான் டயரும் உள்பக்கமா தேய்ஞ்சிருக்கு. பழைய ரிம்மையே போட்டுட்டேன்.

இன்னைக்கு காலைல தேனி ரோட்டுல அதே பாலத்துல 60ல ஏத்துனேன், ஒரே ஒரு உதறல், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, கையை லேசா வச்சாலே நேரா போகுது. பிரீதர் முழுக்க சேறுதான் அண்ணே. வெளிப்பக்க சீல் செட்டு வந்திருக்கு, அதுல கம்பளி மாதிரி ஒரு பட்டை இருக்கு, அதை அப்படியே காய்ஞ்ச மாதிரியே போடணுமா?

மதுரை டீசல்

அப்படியே போடாதீங்க தம்பி, ராத்திரி ஆயில்ல ஊறப் போட்டு காலைல மாட்டுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி அந்த உருண்டையை பொடி எமரி பேப்பரால தேய்ச்சு துரு, கீறல் ஒண்ணும் இல்லாம வழவழன்னு ஆக்கிடுங்க, சொரசொரப்பு இருந்தா புது சீலை ஒரே வாரத்துல அறுத்துடும். 500 கிலோமீட்டர் ஓடுனதும் ரெண்டு பக்கமும் கிங்பின் மூடி போல்டு எல்லாத்தையும் ஒருக்கா டைட் பாருங்க.